பரண் மேல் தாத்தாவின் துப்பாக்கி: கடைக்காரரின் பதிவேடு உங்களை எப்படிக் காப்பாற்றும்?

போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்கிறீர்கள். பரண் மேல் பழைய போர்வையில் சுற்றி நீளமாக ஏதோ இருக்கிறது. பிரித்துப் பார்த்தால் தாத்தாவின் ஒற்றைக்குழல் துப்பாக்கி. பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி. அதில் நாலைந்து தோட்டாக்களும் ஓரம் பழுத்துப்போன ஓர் உரிமப் புத்தகமும் இருக்கின்றன. தாத்தா இறந்து மூன்று வருஷம் ஆகிறது. "தோட்டத்துல பன்றி விரட்ட வெச்சிருந்தாரு. அப்படியே இருக்கட்டும், எடுத்த இடத்துலயே வெச்சிடு" என்கிறார் அப்பா.

அப்படியே வைத்துவிடலாமா? கூடாதுங்க. துப்பாக்கி உரிமம் என்பது நிலப் பட்டா மாதிரி வாரிசுக்கு வந்து சேரும் சொத்து கிடையாது. அது ஒரு தனி மனிதருக்குக் கொடுத்த அனுமதி. அவர் காலமானதும் அந்த அனுமதியும் முடிந்துவிடும். அதற்குப் பிறகு துப்பாக்கி யார் வீட்டில் இருக்கிறதோ, அவர்தான் பதில் சொல்ல வேண்டியவர்.

ஆனால் அந்தப் பழைய உரிமப் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதன் உள்பக்கத்தில் ஒரு துப்பாக்கிக் கடையின் முத்திரை, தேதி, கடைக்காரரின் கையெழுத்து இருக்கும். 'இந்தத் துப்பாக்கி இந்த வீட்டுக்குள் முறைப்படிதான் வந்தது' என்பதற்கு உங்களிடம் உள்ள சாட்சி அந்தச் சில வரிகள்தான். ஆயுத விற்பனையாளர் என்னென்ன எழுதி வைக்க வேண்டும், அந்த எழுத்து உங்களுக்கு எப்போது கைகொடுக்கும் என்பதை இந்தப் பாடத்தில் படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் சட்டம்: ஒரு நிமிட அறிமுகம்

நம் நாட்டில் துப்பாக்கி தொடர்பான எல்லாவற்றுக்கும் அடிப்படை 1959-ஆம் ஆண்டு படைக்கலச் சட்டம். பேச்சு வழக்கில் ஆயுதச் சட்டம் என்கிறோம். ஆங்கிலேயர் காலத்து 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு வந்தது இது. நடைமுறை விவரங்கள் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் இருக்கின்றன. 2019-இல் சட்டத்தில் முக்கியமான திருத்தங்கள் வந்தன.

இதில் இரண்டு வகை உரிமங்களை மட்டும் பிரித்துத் தெரிந்துகொண்டால் போதும்.

ஒன்று, சட்டத்தின் 3-வது பிரிவு சொல்லும் தனிநபர் உரிமம். துப்பாக்கியை வாங்கவும் வைத்திருக்கவும் இது வேண்டும். இன்னொன்று, 5-வது பிரிவு சொல்லும் தொழில் உரிமம். துப்பாக்கி தயாரிப்பவர், விற்பவர், பழுது பார்ப்பவர், விற்பனைக்கு இருப்பு வைப்பவர் எல்லாரும் இதில் வருவார்கள். தனிநபர் உரிமம் வைத்திருப்பவர் கடை நடத்த முடியாது. கடைக்காரரும் தன் உரிமத்தில் எழுதியிருக்கும் முகவரியில்தான் வியாபாரம் செய்யலாம்.

தனிநபர் உரிமத்தை மாவட்டங்களில் மாவட்ட ஆட்சியர் அலுவலகமும், மாநகரக் காவல் எல்லைக்குள் காவல் ஆணையர் அலுவலகமும் கவனிக்கின்றன.

கடைக்காரரின் கணக்கு: வரவு, செலவு, இருப்பு

மளிகைக் கடையில் ஒரு மூட்டை அரிசி கணக்கில் இடித்தால் நஷ்டம் முதலாளிக்கு மட்டும்தான். துப்பாக்கிக் கடையில் ஒரு துப்பாக்கி இடித்தால் அது எங்கே போனது என்று ஊரே கவலைப்பட வேண்டும். அதனால்தான் இந்தக் கடையில் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனித்தனியாகக் கணக்கு உண்டு.

ஒரு துப்பாக்கி கடைக்குள் வரும்போது யாரிடமிருந்து வந்தது, என்ன வகை, என்ன அளவுக் குழல், தயாரித்தவர் யார், அதில் பொறித்திருக்கும் எண் என்ன, எந்தத் தேதியில் வந்தது என்பவை பதிவாகும். வெளியே போகும்போது யாருக்குப் போனது, அவருடைய உரிம எண் என்ன, எந்தத் தேதி என்பவை பதிவாகும். வரவிலிருந்து செலவைக் கழித்தால் கிடைக்கும் இருப்பும், அலமாரியில் எண்ணிப் பார்க்கும் இருப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆய்வுக்கு வரும் அதிகாரி கேட்டால் பதிவேட்டை மட்டுமல்லாமல் சரக்கையும் காட்டியாக வேண்டும்.

இதில் உயிர்நாடி அந்தப் பொறித்த எண்தான். வண்டிக்கு சேஸிஸ் நம்பர், செல்போனுக்கு ஐஎம்இஐ நம்பர் இருப்பதுபோல துப்பாக்கிக்கு இது. தயாரித்தவர் பெயரும் எண்ணும் அல்லது வேறு அடையாளக் குறியும் இல்லாத துப்பாக்கியை விற்கவோ கைமாற்றவோ கூடாது என்கிறது சட்டத்தின் 8-வது பிரிவு. எண் அழிக்கப்பட்ட துப்பாக்கி ஒருவரிடம் இருந்தால், வேறுவிதமாக நிரூபிக்கும்வரை அவரே அழித்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். நான் அழிக்கவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அவர் தலையில்தான் விழும். அதனால் துருப்பிடித்திருக்கிறதே என்று பழைய துப்பாக்கியை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் வேலையெல்லாம் வேண்டாம். எண் போய்விட்டால் பதிவேட்டில் இருக்கும் வரிக்கும் கையில் இருக்கும் பொருளுக்கும் தொடர்பே அறுந்துபோகும்.

வாங்கும்போது உங்கள் உரிமத்தில் எழுத வேண்டிய மூன்று விவரம்

கடைக்காரர் தன் பதிவேட்டில் எழுதுவது ஒரு பாதி. உங்கள் உரிமத்தில் எழுதுவது மறுபாதி. துப்பாக்கியோ தோட்டாவோ வாங்கும் ஒவ்வொரு முறையும் உங்கள் உரிமத்தில் இந்த மூன்றும் ஏறியிருக்க வேண்டும்:

1. பொருளைப் பெற்றுக்கொண்டவரின் பெயர், விவரம், முகவரி
2. என்ன பொருள், எத்தனை
3. எந்தத் தேதி

கீழே கடைக்காரரின் கையெழுத்து. பில் கொடுத்துவிட்டாரே, அது போதாதா என்று கேட்காதீர்கள். பில் பணத்துக்குக் கணக்கு, உரிமத்தில் உள்ள பதிவு பொருளுக்குக் கணக்கு. இதை எழுதி வாங்குவது கடைக்காரரின் கடமை மட்டும் இல்லை. உரிமதாரர் பின்பற்ற வேண்டிய நிபந்தனைகளிலும் இது இருக்கிறது. கடைக்காரர் மறந்தால் நீங்கள் கேட்டு வாங்க வேண்டும்.

விற்பதற்கு முன் கடைக்காரர் உங்கள் உரிமத்தைப் புரட்டிப் பார்ப்பார். காலாவதி ஆகிவிட்டதா, எந்த வகைத் துப்பாக்கிக்கு அனுமதி, எந்தப் பகுதிக்குள் செல்லும், ஏற்கெனவே எத்தனை துப்பாக்கி ஏறியிருக்கிறது என்றெல்லாம் பார்ப்பார். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. முன்பு இது மூன்றாக இருந்தது. உரிமத்தின் ஆயுளும் மூன்று ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டாக மாறியது. 21 வயது ஆகாதவருக்குத் துப்பாக்கி விற்கக் கூடாது என்பது பொது விதி.

இன்னொரு எண்ணையும் கவனியுங்கள். ஒவ்வோர் உரிமதாரருக்கும் தனி அடையாள எண் உண்டு. ஆயுத உரிமங்களுக்கான தேசியத் தரவுத்தளத்தில் ஏற்றும்போது கிடைக்கும் எண் அது. பழைய கையெழுத்துப் புத்தகம் வைத்திருப்பவர்கள் அந்த எண் தங்கள் உரிமத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உரிமம் கொடுத்த அலுவலகத்தை உடனே அணுகுங்கள். எண் இல்லாத உரிமம் செல்லாது.

தோட்டாவுக்கும் கணக்கு உண்டு

துப்பாக்கியில் எண் இருக்கிறது, தோட்டாவை எப்படிக் கணக்கு வைப்பது? எண்ணிக்கையால்தான். ஓர் ஆண்டில் எத்தனை வாங்கலாம், ஒரே நேரத்தில் கையில் எத்தனை இருக்கலாம் என்ற இரண்டு வரம்பும் உரிமத்திலேயே எழுதியிருக்கும். புனே அருகே கட்கியில் உள்ள அரசு வெடிமருந்துத் தொழிற்சாலையில் தயாரான தோட்டாவாக இருந்தாலும் சரி, வெளிநாட்டுத் தோட்டாவாக இருந்தாலும் சரி, கடையில் வாங்கும்போது உங்கள் உரிமத்தில் ஏறும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஒரே மாதிரித் துப்பாக்கி வைத்திருக்கும் பக்கத்துத் தோட்டத்துக்காரர், "அண்ணே, ரெண்டு தோட்டா குடுங்க, அடுத்த வாரம் வாங்கித் தர்றேன்" என்று கேட்பார். சர்க்கரை கடன் கொடுப்பதுபோல் கொடுத்துவிட முடியாது. உங்கள் உரிமத்தில் ஏறிய தோட்டாவுக்கு நீங்கள்தான் பொறுப்பு. அந்த இரண்டு எங்கே போனது என்று கேட்டால் உங்களிடம் பதிலும் இருக்காது, ஒரு வரி பதிவும் இருக்காது.

தனிநபர் விற்றால்: 45 நாள் விதி

உங்களுக்குத் துப்பாக்கி வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டீர்கள். சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்ததை உரிமம் உள்ள இன்னொருவருக்கு விற்கலாம். அதற்காக விற்பனையாளர் உரிமம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் 5-வது பிரிவு இரண்டு நிபந்தனை போடுகிறது. விற்கப்போகும் எண்ணத்தையும், வாங்குபவரின் பெயர், முகவரியையும் மாவட்ட நடுவருக்கோ அருகில் உள்ள காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கோ எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தெரிவித்த நாளிலிருந்து 45 நாள் கழிய வேண்டும். அதற்குப் பிறகுதான் கைமாற்றலாம்.

ஏன் 45 நாள்? வாங்குபவர் உண்மையில் தகுதி உள்ளவர்தானா என்று சரிபார்க்க அதிகாரிகளுக்குக் கிடைக்கும் அவகாசம் அது. கடையில் கடைக்காரர் செய்யும் சரிபார்ப்பு, தனிநபர் விற்பனையில் இந்த 45 நாளுக்குள் நடக்கிறது. தகவல் கொடுத்ததற்கு ஒப்புதல் முத்திரை வாங்கிய நகல் உங்களிடம் இருக்கட்டும். அந்தத் தேதியிலிருந்துதான் நாள் எண்ண வேண்டும்.

தேர்தல் நேரத்து டெபாசிட்: ரசீதைக் கேளுங்கள்

தேர்தல் நடத்தை விதிகள் அமலுக்கு வந்ததும் "உரிமம் பெற்ற துப்பாக்கிகளை ஒப்படைக்கவும்" என்ற அறிவிப்பைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். காவல் நிலையத்தில் ஒப்படைப்பார்கள், இல்லையென்றால் டெபாசிட் வைக்க அனுமதி உள்ள ஆயுதக் கடையில் வைப்பார்கள். வெளியூர் போகும்போதும், உரிமம் புதுப்பிக்கத் தாமதமாகும்போதும்கூட இப்படி வைப்பதுண்டு.

பொருளைப் பெற்றுக்கொள்பவர் மூன்று வேலை செய்ய வேண்டும். ஒவ்வொரு துப்பாக்கியிலும் ஓர் அட்டை கட்ட வேண்டும். அதில் பொருளின் விவரம், உங்கள் பெயர், முகவரி, பதிவேட்டு வரிசை எண் இருக்கும். அதே விவரத்தைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். உங்களுக்கு ரசீது கொடுக்க வேண்டும்.

ரசீது வாங்கியதும் அங்கேயே நின்று ஒரு முறை படித்துப் பாருங்கள். துப்பாக்கியில் உள்ள எண்ணும் ரசீதில் உள்ள எண்ணும் ஓர் எழுத்துகூட மாறாமல் இருக்கிறதா? தோட்டாவும் கொடுத்திருந்தால் எண்ணிக்கை எழுதியிருக்கிறதா? ஒரே கடையில் ஒரே மாதிரித் துப்பாக்கி பத்து இருக்கும். எண் மாறி எழுதிவிட்டால் திரும்ப வாங்கும்போது தகராறு. அப்போது பேசி நிரூபிப்பதைவிட இப்போது திருத்தச் சொல்வது சுலபம்.

தெரியுமா?

அமெரிக்காவில் நடைமுறை வேறு. அங்கே உரிமம் பெற்ற கடையில் துப்பாக்கி வாங்குபவர் 4473 என்ற எண்ணுள்ள படிவத்தை நிரப்ப வேண்டும். அது அரசு அலுவலகத்துக்குப் போகாமல் கடையிலேயே இருக்கும். துப்பாக்கி உரிமையாளர்களின் தேசியப் பதிவேட்டை உருவாக்க 1986-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை போட்டிருக்கிறது. அதனால் குற்ற இடத்தில் ஒரு துப்பாக்கி கிடைத்தால், தயாரித்தவரிடம் கேட்டு, மொத்த வியாபாரியிடம் கேட்டு, கடைசியில் கடைக்காரரின் புத்தகத்தைப் புரட்டித்தான் முதலில் வாங்கியவரைக் கண்டுபிடிக்கிறார்கள். கடையை மூடினால் புத்தகங்கள் மேற்கு வர்ஜீனியா மாநிலம் மார்ட்டின்ஸ்பர்க்கில் உள்ள தேசியத் தடமறியும் மையத்துக்குப் போய்ச் சேரும். கணினி யுகத்திலும் ஒரு கடைக்காரர் கையால் எழுதிய வரிக்கு எவ்வளவு மதிப்பு பாருங்கள்!

இப்போது பரண் மேல் இருக்கும் துப்பாக்கிக்கு வருவோம்

ஆரம்பத்தில் விட்ட கதைக்குத் திரும்புவோம். தாத்தா இல்லை, உரிமம் முடிந்துவிட்டது. என்ன செய்ய வேண்டும்?

படி 1: விளையாடாதீர்கள். குதிரையை இழுத்துப் பார்ப்பது, குண்டு இருக்கிறதா என்று குழலுக்குள் எட்டிப் பார்ப்பது, கையில் பிடித்து செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பது எதுவும் வேண்டாம். குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துப் பூட்டுங்கள். உரிமப் புத்தகத்தின் எல்லாப் பக்கத்தையும் தெளிவாக ஃபோட்டோ எடுத்து வையுங்கள். அது நகலுக்குத்தான். அசலைப் பத்திரமாக வையுங்கள்.

படி 2: காவல் நிலையத்துக்குத் தகவல். சட்டத்தின் 21-வது பிரிவு இதற்காகவே இருக்கிறது. வைத்திருக்கும் அனுமதி முடிந்துபோன துப்பாக்கியைத் தேவையற்ற தாமதம் இல்லாமல் அருகில் உள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டும். துப்பாக்கியை பைக்கில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். முதலில் நேரில் போய்ச் சொல்லுங்கள், எப்படிக் கொண்டுவருவது என்று கேளுங்கள், அதன்படி செய்யுங்கள். தாமதமாகியிருந்தால் காரணத்தை மறைக்காமல் எழுதிக் கொடுங்கள். ஒப்படைத்த ரசீதை மறக்காமல் வாங்குங்கள்.

படி 3: வாரிசு ஆவணங்கள். தாத்தாவின் இறப்புச் சான்றிதழ் வேண்டும். வாரிசு சான்றிதழ் இல்லையென்றால் இ-சேவை மையம் வழியாக விண்ணப்பிக்கலாம். துப்பாக்கி யாருக்கு என்பதில் மற்ற வாரிசுகளின் ஆட்சேபம் இல்லை என்ற கடிதமும் தேவைப்படும்.

படி 4: முடிவு. குடும்பத்தில் ஒருவர் வாரிசு என்ற முறையில் தன் பெயருக்கு உரிமம் கேட்கலாம். காவல்துறை விசாரணை உட்பட எல்லாத் தகுதிச் சோதனையும் அவருக்கும் உண்டு. வாரிசு என்பதால் தானாகக் கிடைத்துவிடாது. வேண்டாம் என்றால் உரிமம் வழங்கும் அலுவலகத்துக்குத் தெரிவித்து, உரிமம் பெற்ற விற்பனையாளருக்கோ தகுதி உள்ளவருக்கோ விற்றுவிடலாம். அந்த விற்பனையும் கடைக்காரரின் வரவுப் பதிவேட்டில் ஒரு வரியாக ஏறும். அன்றோடு தாத்தாவின் துப்பாக்கிக் கணக்கு உங்கள் வீட்டில் முடிந்தது.

உங்கள் வீட்டில் உரிமதாரர் உயிரோடு இருக்கிறார் என்றால் இன்னும் நல்லது. 70 வயது ஆனவர்களோ, 25 ஆண்டு துப்பாக்கி வைத்திருந்தவர்களோ, தாங்கள் இருக்கும்போதே ஒரு வாரிசைக் குறிப்பிட்டு அவர் பெயருக்கு உரிமம் கேட்க 2016 விதிகள் இடம் தருகின்றன. பெரியவர் இருக்கும்போதே உட்கார்ந்து பேசி முடித்துவிட்டால், பின்னால் பிள்ளைகள் பரணைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

ஏன் இவ்வளவு கண்டிப்பு?

உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 2019 திருத்தத்தின்படி குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறையும் அபராதமும் உண்டு. உரிமம் இல்லாமல் துப்பாக்கி விற்பனை செய்தால் குறைந்தது ஏழு ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை. பதிவு எழுதாமல் விடுவது போன்ற உரிம நிபந்தனை மீறலுக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உரிமமே ரத்தாகவும் வாய்ப்பு உண்டு.

தண்டனையைச் சொல்லிப் பயமுறுத்துவது நோக்கம் இல்லை. ஒரு துப்பாக்கி தொலைந்து எங்கோ ஒரு குற்றத்தில் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். போலீஸ் முதலில் தேடுவது அந்த எண்ணை, அடுத்து அந்த எண் கடைசியாக யார் பெயரில் இருக்கிறது என்பதை. நீங்கள் ஒப்படைத்த ரசீது இருந்தால், விற்ற தகவல் கடிதம் இருந்தால், திருடுபோனதும் கொடுத்த புகாரின் நகல் இருந்தால், விசாரணை உங்கள் வாசலைத் தாண்டிப் போகும். எதுவும் இல்லையென்றால் அங்கேயே நிற்கும்.

படித்தது புரிந்ததா? நீங்களே சோதித்துப் பாருங்கள்

கேள்வி 1: கடைக்காரர் பில் கொடுத்தார், உரிமத்தில் எதுவும் எழுதவில்லை. பிரச்சினை இல்லையே?
பதில்: பிரச்சினைதான். பெற்றவர் விவரம், பொருளும் எண்ணிக்கையும், தேதி மூன்றும் கடைக்காரர் கையெழுத்துடன் உரிமத்தில் இருக்க வேண்டும்.

கேள்வி 2: மச்சானுக்கும் உரிமம் இருக்கிறது. துப்பாக்கியை இன்றே அவருக்கு விற்றுவிடலாமா?
பதில்: முடியாது. எழுத்து மூலம் தகவல் கொடுத்து 45 நாள் கழிய வேண்டும்.

கேள்வி 3: உரிமத்தின் ஃபோட்டோ செல்போனில் இருக்கிறது. அசல் தொலைந்தாலும் பரவாயில்லையா?
பதில்: அப்படி இருந்துவிட முடியாது. நகல், விவரம் தேட உதவும். அசல் தொலைந்தால் காவல் நிலையத்திலும் உரிமம் கொடுத்த அலுவலகத்திலும் உடனே தெரிவிக்க வேண்டும்.

கேள்வி 4: அப்பாவின் உரிமம் இன்னும் இரண்டு ஆண்டுக்குச் செல்லும். அவர் காலமாகிவிட்டார். அந்த இரண்டு ஆண்டு வீட்டில் வைத்திருக்கலாமா?
பதில்: கூடாது. உரிமம் அவருக்கு மட்டும்தான். தாமதிக்காமல் ஒப்படைக்க வேண்டும்.

இன்றைக்கே செய்ய ஒரு வேலை

வீட்டில் உரிமம் உள்ள துப்பாக்கி இருந்தால் இன்று மாலை அந்த உரிமத்தை எடுங்கள். காலாவதி தேதியைப் பாருங்கள், செல்போன் காலண்டரில் அதற்கு மூன்று மாதம் முன்பாக ஒரு நினைவூட்டல் வையுங்கள். தனி அடையாள எண் இருக்கிறதா பாருங்கள். துப்பாக்கியில் உள்ள எண்ணும் உரிமத்தில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று உரிமதாரரையே சரிபார்க்கச் சொல்லுங்கள். வித்தியாசம் இருந்தால் நாளைக்கே உரிமம் கொடுத்த அலுவலகத்துக்குப் போங்கள்.

வீட்டில் துப்பாக்கி இல்லையா? நல்லது. ஊரில் தாத்தா பாட்டி வீட்டுப் பரணை மட்டும் ஒரு முறை கேட்டு வையுங்கள்.